பாதை மிஸ்

திரையில் சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது.

‘இப்பாடத்துக்கு விண்ணப்பிக்க இம்மாணவர் தகுதி பெறவில்லை.’

பாதை மிஸ் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த பெண், கல்லூரி விண்ணப்பத்தில் முதல் விருப்பம் என்ற கட்டத்துக்குள் ‘கணிதம்’ என்று போட்டிருந்தாள்.

“என்னம்மா, அவசரத்துல தப்பா அழுத்திட்டியா? நீ வணிகப் பிரிவு. இது உனக்கு எடுத்துக்காது.”

“தெரியும் மிஸ்.”

“தெரிஞ்சேவா அழுத்தினே?”

“ஒரு தடவை அழுத்திப் பாக்கணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டு அவள் திரையில் முந்தைய பக்கத்துக்குப் போனாள், வணிகவியலைத் தேர்ந்தெடுத்தாள், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம், சமர்ப்பி. விறுவிறுவென்று நாலு அழுத்தல். வேண்டாத பேருந்தில் ஏறுகிறவர்கள் ஜன்னல் சீட்டு தேட மாட்டார்கள் அல்லவா, அந்த மாதிரி. அச்சு இயந்திரம் கிர்ரென்று ஒரு தாளைத் துப்பியது. எடுத்துக்கொண்டாள். நாற்காலியை மேஜைக்கடியில் சத்தம் வராமல் தள்ளி வைத்தாள். “தேங்க்ஸ் மிஸ்” என்றாள். போய்விட்டாள்.

வெளியே வரிசையில் இன்னும் பதினாலு பேர்.

பாதை மிஸ்ஸுக்கு அரசாங்கக் காகிதத்தில் இருக்கிற பதவிப் பெயர் நீளமானது. உயர்கல்வி மற்றும் தொழில் வழிகாட்டி ஆலோசகர். அறை வாசலில் மாட்டியிருந்த பலகையில் இடம் போதாமல் கடைசி மூன்று எழுத்துகள் மட்டும் குட்டியாகச் சுருங்கிக் கிடந்தன. அவர் நிரப்புகிற படிவத்துக்குப் ‘பாதைத் திட்டம்’ என்று பெயர். பிள்ளைகள் இரண்டையும் வெட்டி ஒட்டிப் பாதை மிஸ் என்று ஆக்கிவிட்டார்கள். எந்த வருடத்துக் குறும்பனோ பலகைக்குக் கீழே சுவரில் பென்சிலால் எழுதியிருந்தான்: ‘பாதை மிஸ் ஆயிடுச்சு. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?’ அதைப் பார்த்து அன்றைக்கு அவரும் வாய்விட்டுச் சிரித்தார். அழிக்கச் சொல்லவில்லை. பிறகு இரண்டு முறை வெள்ளையடித்தும், சாய்ந்து பார்த்தால் இன்னமும் அந்த வரி தெரியும்.

பதினெட்டு வருட சர்வீஸ். பத்தாம் வகுப்பு முடிகிற சமயத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, என்ன பிடிக்கும், என்ன வரும், வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு, அடுத்த இரண்டு வருடம் எந்தப் பிரிவு, அதற்குப் பிறகு எந்தக் கல்லூரி, அதற்கும் பிறகு என்ன வேலை என்று ஒரே தாளில் கோடு போட்டுக் கொடுப்பது அவர் வேலை. ஒரு பிள்ளைக்கு ஏழு நிமிடம். இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகள். படிவத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்க மாட்டார். கொடுத்தால் அடிப்பார்கள், திருத்துவார்கள், அலுவலகம் திருப்பி அனுப்பும். அவரே கேட்பார், அவரே எழுதுவார். முத்து முத்தான கையெழுத்து. மாவட்ட அலுவலகத்தில் அவருடைய படிவங்களை மற்றப் பள்ளிகளுக்கு மாதிரியாகக் காட்டியதுண்டு.

மதிய இடைவேளை மணி அடித்தபோதுதான் கவனித்தார். மேஜை மேல் நாலாக மடித்த ஒரு தாள். அந்தப் பெண் கல்லூரிக் குறியீட்டு எண்களை எழுதிக்கொண்டு வந்த துண்டு. விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். குப்பையில் போடப் போனவர் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வளைகோடு. கிண்ணம் போன்ற கோடு. அதற்குள் ஒரு வட்டம், கோட்டின் இரண்டு பக்கத்தையும் தொட்டும் தொடாமலும். கீழே நாலே வரியில் என்னவோ எண்கள், எழுத்துகள். கடைசி வரிக்கு அடியில் ஒரு சின்னக் கோடு. முடிந்தது என்பதுபோல.

பாதை மிஸ்ஸுக்கு அது தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ஆனால் சாப்பாட்டு டப்பாவோடு அந்தத் தாளும் ஆசிரியர் அறைக்குப் போனது.

*

மேல் வகுப்புக் கணித ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சைபர் சார். தயவு தாட்சண்யம் இல்லாமல் சைபர் போடுவார் என்பதால். மனிதர் தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே இடது கையால் தாளை வாங்கினார். பிசைகிற கை நின்றது.

“டீச்சர், இது எங்கேர்ந்து கிடைச்சுது உங்களுக்கு?”

“ஏன் சார்? தப்பா?”

“தப்பா?” அவர் சிரித்தார். ஆனால் அது சந்தோஷச் சிரிப்பாகத் தெரியவில்லை. “ஒரு புள்ளியிலேர்ந்து இந்தக் கோட்டுக்கு ரொம்பக் கிட்டின தூரம் எவ்வளவுன்னு கேள்வி. புத்தகத்துல ஒரு பக்கம் போட்டிருக்கான். நானும் ஒரு பக்கம்தான் போடுவேன். இது என்ன பண்ணுதுன்னா, அந்தப் புள்ளியில ஒரு வட்டத்தை வைக்குது. பலூன் மாதிரி ஊதுது. ஊதிக்கிட்டே போகுது. கோட்டை எங்க தொடுதோ அங்க நிறுத்துது. அவ்வளவுதான் தூரம். நாலு வரி.”

கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் தாளை எடுத்தார்.

“போன மாசம் அறிவியல் பிரிவுல மூணு பொண்ணுங்க நோட்டுல இதே பலூன். மூணு நோட்டுலயும். ‘எந்த கைடுலேர்ந்து காப்பியடிச்சீங்க’ன்னு கேட்டேன். வாயே திறக்கல. மூணு பேருக்கும் சைபர் போட்டேன்.” தாளைத் திருப்பிப் பார்த்தார். “இது யாரு எழுதினது?”

“வணிகப் பிரிவுப் பொண்ணு.”

“வணிகப் பிரிவா? அங்க எப்படிப் போச்சு இது?”

பாதை மிஸ் எழுந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு தன் அறைக்கு நடந்தார். வழியில் அறிவியல் பிரிவு வராந்தாவில், சைபர் வாங்கிய மூவரில் இரண்டு பெண்களை நிறுத்தி விசாரித்தார். ஐந்து நிமிடத்தில் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பெண்ணுக்கு மேல் வகுப்புக் கணிதப் புத்தகம் கிடையாது. வாங்கினால் வீட்டில் கேட்பார்கள். அதனால் இவர்கள் புத்தகத்தை வெள்ளிக்கிழமை வாங்கிப்போய்த் திங்கட்கிழமை கொடுப்பாள். பதிலுக்கு இவர்கள் வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுப்பாள். இரண்டு வருடமாக.

“எங்களுக்கு சைபர் விழுந்தப்பவும் அவ பேரைச் சொல்லல மிஸ்,” என்றாள் ஒருத்தி, கொஞ்சம் பெருமையோடு. “சொன்னா புக்கு வாங்குறது நின்னுடும்னு அழுதா.”

*

இரும்பு பீரோவின் மூன்றாம் தட்டு. இரண்டு வருடத்துக்கு முந்தைய கட்டு. கோப்பு எண் நூற்று நாற்பத்தொன்பது.

வெளிர் நீலப் படிவம். அவருடைய முத்துக் கையெழுத்து.

பிடித்த பாடம்: கணக்குப்பதிவியல்.
தந்தையின் தொழில்: கிடங்கில் கணக்கர்.
பரிந்துரை: வணிகப் பிரிவு.
குறிப்பு: தெளிவான பெண். தந்தை வழி ஆர்வம்.

ஒரு தடவை படித்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை படித்தார். படிவத்தின் பின்பக்கத்தில், நேர்காணல் முடிந்து இரண்டு மாதம் கழித்து வந்த பத்தாம் வகுப்பு மதிப்பெண் சீட்டை யாரோ எழுத்தர் குத்தி வைத்திருந்தார். கணிதம், தொண்ணூற்றெட்டு. அந்தச் சீட்டை அவர் இன்றைக்குத்தான் பார்க்கிறார். அதுகூடப் பரவாயில்லை, நல்ல மார்க் வாங்கினவர்களும் வணிகம் படிக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளப் பார்த்தது மனசு.

மூன்றாம் தடவை படிக்கும்போதுதான் விரல் முதல் வரியிலேயே நின்றது.

பத்தாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் என்று ஒரு பாடமே கிடையாது.

இல்லாத பாடம் ஒரு பிள்ளைக்கு எப்படிப் பிடித்த பாடமாக இருக்க முடியும்? அந்தப் பெண் சொன்னது என்ன? அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். முகம் ஞாபகம் வரவில்லை. குரலும் ஞாபகம் வரவில்லை. ஆனால் எந்தப் பிள்ளையும் பேச்சில் கணிதம் என்று சொல்லாது. கணிதம் என்பது புத்தக அட்டையில் இருக்கிற சொல். வாயில் வருவது கணக்கு. கணக்கு டீச்சர், கணக்கு நோட்டு, கணக்குப் பரீட்சை. “என்னம்மா பிடிக்கும்?” என்று இவர் கேட்டிருப்பார். “கணக்கு மிஸ்” என்று அவள் சொல்லியிருப்பாள். “அப்பா என்ன பண்றார்?” “கிடங்குல கணக்கு எழுதுறார்.” இரண்டு கணக்கும் இவர் காதில் ஒரே கணக்காக விழுந்து, பேனா நுனியில் கணக்குப்பதிவியலாக இறங்கிவிட்டது. ஏழு நிமிடத்தில் மூன்று நிமிடம் மிச்சம்கூடப் பிடித்திருக்கலாம்.

படிவத்தின் அடியில் வகுப்பாசிரியர் கையெழுத்து, தலைமையாசிரியை கையெழுத்து, தந்தை கையெழுத்து, மாணவி கையெழுத்து, அவருடைய கையெழுத்து. ஐந்து பேர். ஐந்து பேர் கண்ணிலும் இல்லாத பாடம் படவில்லை.

அவர் அந்த வருடத்துக் கட்டு முழுவதையும் மேஜையில் இறக்கினார். பிடித்த பாடம் என்ற இடத்தில் கணக்குப்பதிவியல் என்று அவர் எழுதியிருந்தவை இன்னும் பதினொன்று. முந்தைய வருடத்துக் கட்டில் ஒன்பது. அதற்கும் முந்தையதில் பதினான்கு. அதில் எத்தனை பேர் கடைக்கணக்கைச் சொன்னார்கள், எத்தனை பேர் சைபர் சாரின் கணக்கைச் சொன்னார்கள்? கண்டுபிடிக்க வழியே இல்லை. பிள்ளைகள் சொன்ன சொல் எந்தத் தாளிலும் இல்லை. அடித்தல் திருத்தல் இல்லாத, மாதிரிக்குக் காட்டத் தகுந்த, அவருடைய சொல்தான் எல்லாத் தாளிலும் இருந்தது. சிலர் இந்நேரம் கல்லூரியில் பாதி தூரம் போயிருப்பார்கள்.

மணி அடித்தது. வெளியே வரிசை சலசலத்தது. “மிஸ், உள்ள வரலாமா?” என்று ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“நாளைக்கு வாங்கப்பா,” என்றார். பதினெட்டு வருடத்தில் அவர் வரிசையைத் திருப்பி அனுப்பியது அதுதான் முதல் தடவை.

*

தலைமையாசிரியை தேர்வு வாரியத்தின் விதிப் புத்தகத்தை மூடினார். அதில் வழி இருந்தது. வழி இருந்ததுதான் சிக்கல்.

பிரிவு மாறிப் போன மாணவர், நாலு மாதம் கழித்து நடக்கிற துணைத் தேர்வில் விட்டுப்போன பாடத்தைக் கூடுதலாக எழுதலாம். தேறினால் கல்லூரியில் கணிதத்துக்கு விண்ணப்பிக்கலாம். மனு கொடுக்கக் கடைசி நாள் நாளை மறுநாள். மனுவில் காரணம் என்று இரண்டு கட்டம். ஒன்று, மாணவரின் விருப்ப மாற்றம். இன்னொன்று, பள்ளியின் பிழை. முதலாவதில் குறி போட்டால் இரண்டு வருடமும் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். இரண்டாவதில் போட்டால் மட்டும்தான் நேரே தேர்வு.

“முதல் கட்டத்துல போட்டு அனுப்புங்க. நம்ம கடமை முடிஞ்சுது,” என்றார் தலைமையாசிரியை.

“அதுல போட்டா அவளுக்கு ஒண்ணும் கிடைக்காது மேடம்.”

“ரெண்டாவதுல போட்டா உங்களுக்கு என்ன கிடைக்கும்னு தெரியுமா? பிழை செஞ்ச பணியாளர் பேருன்னு அடுத்த வரியிலயே கேக்குறான். ஒரு ஃபைலோட விடுவான்னு நினைக்கிறீங்களா? நீங்க எழுதின அத்தனையும் வண்டி வெச்சு அள்ளிட்டுப் போவான். உங்க போஸ்ட்டு வருஷா வருஷம் புதுப்பிக்கிற போஸ்ட்டு. அடுத்த வருஷம் அந்த ரூம்ல யார் உக்காருவாங்கன்னு என்னால சொல்ல முடியாது.”

“அள்ளிட்டுப் போகட்டும் மேடம். பீரோவுல இருந்தா யாரும் பாக்கப் போறதில்ல.”

“உணர்ச்சிவசப்படாதீங்க. அந்தப் பொண்ணே வந்து கேக்கலையே.”

“அதான் மேடம் என்னைக் குத்துது.”

தலைமையாசிரியை ஜன்னல் பக்கம் திரும்பினார். விளையாட்டு மைதானத்தில் ஏதோ ஒரு வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மேஜை மேல் கிடந்த நூற்று நாற்பத்தொன்பதாம் கோப்பை எடுத்து, அதில் இருந்த தன் கையெழுத்தைக் கட்டை விரலால் தடவினார்.

“இத்தனை வருஷமா உங்க ஃபைல் எதையுமே நான் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதில்ல,” என்றார். “எழுதிட்டு வாங்க, போட்டுத் தரேன். இதை மட்டும் எதுக்குப் படிக்கணும்?”

*

மறுநாள் காலை பத்து மணிக்கு அப்பாவும் பெண்ணும் வந்தார்கள்.

அப்பா கிடங்கிலிருந்து அனுமதி கேட்டுக்கொண்டு வந்திருந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. உட்காருங்கள் என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். பெண் அவர் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் விட்டுப்போன தாள் அங்கே இருப்பதைப் பார்த்ததும் முகம் வெளிறியது.

“பாப்பா ஏதாவது தப்பு பண்ணிட்டாளா மிஸ்?” என்றார் அப்பா.

“இல்லைங்க. நான் பண்ணிட்டேன்.”

நேற்று சாயங்காலத்திலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. பாதை மிஸ் நீலப் படிவத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, அந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார். அவள் கணக்கு என்று சொன்னதை, தான் என்னவென்று எழுதிவிட்டார் என்பதைச் சொன்னார். விதியைச் சொன்னார். நாளைதான் கடைசி நாள் என்பதையும் சொன்னார்.

அப்பாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. படிவத்தைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார்.

“நான்தான் மிஸ் கையெழுத்துப் போட்டேன். கணக்குன்னு பார்த்ததும் எனக்கு ஒரே பெருமை. கிடங்குல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். என் பொண்ணும் நம்ம லைனுதான், ஆனா ஏ.சி. ரூம்ல உக்காந்து எழுதுவான்னு.” மகள் பக்கம் திரும்பினார். “பாப்பா, நீ சொன்ன கணக்கு இது இல்லையா?”

“இல்லப்பா.”

“ரெண்டு வருஷமாவா?”

“ஆமாப்பா.”

“வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா.”

“நீங்க லட்டு பாக்ஸோட வந்து நின்னீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?”

அப்பா தலை குனிந்துகொண்டார். சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, மறுபடி மூடி, பையில் வைத்தார்.

பெண் முதல் தடவையாக நிமிர்ந்து பாதை மிஸ்ஸை நேராகப் பார்த்தாள்.

“படிவத்துல நீங்க காட்டின எடத்துல கையெழுத்துப் போட்டதோட சரி. பதினொண்ணாங் கிளாஸ் முதல் நாள் லிஸ்ட்டுல என் பேர் வணிகப் பிரிவுல இருந்துச்சு மிஸ். கிளாஸ் டீச்சர்கிட்ட கேட்டேன். ‘பாதை மிஸ் பாத்துப் போட்டது, யாருக்கு எது வரும்னு அவங்களுக்குத் தெரியும்’னு சொன்னாங்க. அப்ப நீங்க பாத்துப் போடலையா?”

பொய் சொல்ல இடம் இருந்தது. அன்றைக்கு நிறைய யோசித்தேன், உன் நல்லதுக்கென்று நினைத்தேன் என்று ஏதாவது. அப்பாவே அதை நம்பித் தலையாட்டியிருப்பார்.

“இல்லம்மா,” என்றார் பாதை மிஸ். “நீ சொன்னது காதுல விழுந்துது. நீ என்ன அர்த்தத்துல சொல்றேன்னு உன்னைக் கேக்கல. உங்கப்பா தொழிலைக் கேட்டேன், மீதியை நானே எழுதிட்டேன். அன்னிக்கு உன்னைப் பத்தி நான் யோசிக்கவே இல்ல.”

ஒரு பிள்ளை வராந்தாவில் ஓடுகிற சத்தம் வந்து போனது.

“எனக்குக் கணக்கு வராதுன்னு நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கன்னு நினைச்சேன் மிஸ்,” என்றாள் அந்தப் பெண். குரலை உயர்த்தவில்லை. “என் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிட்டீங்கன்னு. அது பொய்யின்னு காட்டணும்னுதான் புக்கை இரவல் வாங்கி, அவளுங்க வீட்டுப்பாடம் எல்லாம் போட்டு... ஒவ்வொரு கணக்கு முடிச்சதும் மனசுக்குள்ள உங்ககிட்டதான் காட்டுவேன். பாத்தீங்களா மிஸ்னு. ரெண்டு வருஷமா. அப்ப நான் யாருகிட்ட காட்டிட்டிருந்தேன்?”

ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் அடுத்து என்ன, அடுத்து என்ன என்று கேட்ட பாதை மிஸ், நீலப் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

அப்பாதான் தொண்டையைக் கனைத்தார். “அந்தப் பரீட்சை எப்ப மிஸ்?”

“நாலு மாசத்துல. ஆனா வணிகப் பரீட்சை வர்ற மாசம். அதையும் எழுதியாகணும்.”

“ரெண்டும் முடியுமா பாப்பா?”

“தெரியலப்பா.”

“புக்கு?” என்றார் அப்பா.

“சைபர் சார் தன்னோடதைக் கொடுத்தனுப்பியிருக்கார்.” பாதை மிஸ் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வைத்தார். ஓரமெல்லாம் சிவப்பு மையில் குறிப்புகள். முதல் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு: ‘மூணு சைபரையும் அடிச்சிட்டேன். யாருக்கு மார்க் போடறதுன்னுதான் தெரியல.’ பெண் அதைப் படித்தாள். உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா அழுகையா என்று பார்ப்பதற்குள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

பாதை மிஸ் மனுவை எடுத்தார். இரண்டாம் கட்டத்தில் குறி ஏற்கெனவே போட்டாகிவிட்டது. பிழை செய்த பணியாளர் என்ற வரியில் அவர் முழுப் பெயரும், அந்த நீளமான பதவிப் பெயரும் இருந்தன. இங்கே இடம் தாராளமாக இருந்ததால் எந்த எழுத்தையும் சுருக்க வேண்டியிருக்கவில்லை. கீழே தலைமையாசிரியையின் கையெழுத்து, அதே அவசரச் சுழிப்பு. நடுவில் மட்டும் பெரிய வெற்றுக் கட்டம். ‘மாணவர் தம் சொற்களில் எழுதுக.’

அவர் தன் பேனாவின் மூடியைக் கழற்றி, பேனாவை மட்டும் அவள் பக்கம் நீட்டினார்.

“என்ன எழுதணும் மிஸ்?”

சொல்ல வந்துவிட்டது. அழகான நாலு வாக்கியம், அடித்தல் திருத்தல் இல்லாமல், வாரியத்துக்குப் பிடிக்கிற மாதிரி, வரிசையாக நாக்கு நுனிக்கு வந்து நின்றது. பாதை மிஸ் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

“உனக்கு என்ன தோணுதோ.”

அவள் பேனாவை வாங்கினாள். முதல் வரியில் இரண்டு சொல் எழுதி அடித்தாள். மறுபடி எழுதினாள். அதையும் பாதியில் அடித்தாள். ஒவ்வொரு அடித்தலுக்கும் பாதை மிஸ்ஸின் கை மேஜைக்கடியில் பேனா மூடியை இறுக்கியது. அதை மடியில் வைத்து அழுத்திக்கொண்டார். அப்பா எட்டிப் பார்க்க முயன்றார். பெண் இடது கையை வளைத்துத் தாளைச் சுற்றி மறைத்துக்கொண்டாள், பரீட்சை ஹாலில் பக்கத்து பெஞ்சுக்குத் தெரியாமல் மறைப்பதுபோல. தலை குனிந்து, மூக்கு தாளில் முட்டும்படியாக, பேனா சரசரவென்று போய்க்கொண்டிருந்தது. ஏழு நிமிடம் ஆனது. பத்து ஆனது. வாசலில் நேற்றைய வரிசையோடு பத்தாம் வகுப்பு வரிசையும் சேர ஆரம்பித்துவிட்டது. யாரோ யாரையோ தள்ளினார்கள், யாரோ “பாதை மிஸ் இன்னிக்கு லேட்டுடா” என்றார்கள்.

அவள் நிமிரவில்லை. பக்கம் போதாமல் தாளைத் திருப்பினாள்.

பாதை மிஸ் மேஜைக்கடியில் கையை மெல்ல விரித்துப் பார்த்தார். பேனா மூடியை அவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்திருந்ததில் உள்ளங்கையில் ஒரு சின்ன வட்டம் பதிந்திருந்தது. அதன் விளிம்பு, கையின் குறுக்கே ஓடுகிற வளைந்த ரேகையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே பேனா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.